அலைநடுப் பாறையில் தூண்டில்: மொன்டாக் முனையின் ஒரு மீன்பிடி வழக்கம்

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில், கரையை விட்டுச் சற்றுத் தள்ளி அலைகளுக்கு நடுவே நிற்கும் பாறைகளுக்கு நீந்திச் சென்று, அவற்றின் மேல் நின்றபடி இரவு முழுதும் தூண்டில் வீசும் வழக்கம் ஒன்று உண்டு. படகு கிடையாது, பாலம் கிடையாது. உடலை இறுகப் பற்றும் வெட்சூட் எனப்படும் ரப்பர் உடை, ஆணி பதித்த காலணி, கையில் ஒரு கோல், இடுப்பில் ஒரு பை. இவ்வளவுதான் சாதனம். நியூயார்க் நகரிலிருந்து ஏறத்தாழ 190 கி.மீ. கிழக்கே, லாங் ஐலண்ட் தீவு அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு முடியும் மொன்டாக் முனை இந்த வழக்கத்தின் தலைமையிடம். ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் பாறைக் கரைகளிலும் இது நடைபெறுகிறது. இவ்வளவு பாடும் ஒரே ஒரு மீனுக்காக. அதன் பெயர் ஸ்ட்ரைப்ட் பாஸ்.

வெட்சூட் அணிந்து பாறைக்கு நீந்துவது கடந்த சில பத்தாண்டுகளின் வழக்கம். ஆனால் அந்தப் பாறையில் நின்று மீன் பிடிக்க வேண்டும் என்ற ஆசைக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. முதலில் செல்வர்கள் பாறைக்குப் பாலம் கட்டினார்கள். பிறகு வந்த எளியவர்கள் மார்பளவு நீரில் இறங்கி நின்று பார்த்தார்கள். கடைசியில் நீந்தினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மனிதன் மீனை நெருங்கினான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு மீன் குறைந்தது, காக்கப்பட்டபோது மீண்டும் பெருகியது. இந்த இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று பின்னியவை.

மீனும் பாறையும்

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வட அமெரிக்காவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்பாளத்தின் தென் விளிம்பு லாங் ஐலண்டில்தான் நின்றது. வடக்கிலிருந்து தான் சுரண்டிக்கொண்டு வந்த களிமண், மணல், சரளை, பெருங்கற்கள் அனைத்தையும் அது இங்கே கொட்டிவிட்டுக் கரைந்தது. மொன்டாக்கின் கடலோர மேடுகள் அந்தக் குவியலே. அலைகள் மேட்டின் அடியை அரிக்கும்போது களிமண்ணும் மணலும் கரைந்து போகின்றன. பெருங்கற்களை அலையால் நகர்த்த முடிவதில்லை. மேடு பின்வாங்கப் பின்வாங்க, கற்கள் நின்ற இடத்திலேயே கடலுக்குள் தங்கிவிடுகின்றன. இன்று அலைநடுவே தெரியும் பாறைகள், ஒரு காலத்தில் கரை எங்கே இருந்தது என்பதற்கு அடையாளங்கள்.

ஸ்ட்ரைப்ட் பாஸ் வெள்ளி நிற உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும் மீன். 30 ஆண்டுகள் வரை வாழும். 30 கிலோவுக்கு மேல் வளரும். மிகப் பெரியவை எல்லாம் பெண் மீன்கள். கடலில் வாழ்ந்தாலும் ஆற்றுக்குள் ஏறி நன்னீரில் முட்டையிடும். செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள், டெலவேர் ஆறு, ஹட்சன் ஆறு ஆகியவை அதன் முக்கியப் பிறப்பிடங்கள். வசந்தத்தில் முட்டையிட்ட பின் பெரிய மீன்கள் கரையோரமாக வடக்கே போகும். குளிர் நெருங்கும்போது தெற்கே திரும்பும். போகும்போதும் வரும்போதும் பல மீன்கள் மொன்டாக் முனையைச் சுற்றிச் செல்லும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான திரும்பு காலமே அங்கே மீன்பிடிக்கு உச்சம்.

இந்த மீன் பாறையை நாடுவதற்குக் காரணம் உண்டு. அலை பாறையில் மோதி நுரைக்கும் இடத்தில் சிறுமீன்கள் நிலைகுலைகின்றன. அகன்ற வாலும் தடித்த உடலும் கொண்ட பாஸ் அதே கொந்தளிப்பில் அசையாமல் நிற்கும். பாறையின் மறைவில் ஓட்டம் குறைந்த நீரில் காத்திருந்து, தடுமாறி வரும் இரையைப் பிடிக்கும். இருட்டிய பின் கரைக்கு மிக அருகிலும் வரும். ஆகவே இந்த மீனைத் தேடுபவர் இரவில், கொந்தளிக்கும் நீரில், பாறைகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியக் குடியேறிகள் இதன் அருமையைத் தொடக்கத்திலேயே கண்டனர். வயலுக்கு உரமாக இந்த மீனைப் பயன்படுத்தக் கூடாது என்று மாசசூசெட்ஸ் பே குடியேற்றம் 1639-ல் சட்டம் போட்டது. புதிய கண்டத்தில் மீனைக் காக்க எழுந்த முதல் சட்டங்களில் இது ஒன்று. கேப் காட் பகுதியில் பாஸ் உள்ளிட்ட மீன்களின் பிடிப்பில் கிடைத்த வருவாயை இலவசப் பள்ளி நடத்த ஒதுக்குவதென்று பிளிமத் குடியேற்றம் 1670-ல் முடிவு செய்தது.

பாறைக்குப் பாலம் கட்டிய காலம்

பாறையில் நின்று பாஸ் பிடிப்பதை ஒரு கலையாக வளர்த்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் செல்வந்தர்கள். 1864-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சிலர் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள கட்டிஹங்க் தீவில் ஒரு மீன்பிடிக் கழகம் அமைத்தனர். பக்கத்துத் தீவான பாஸ்க், ரோட் ஐலண்டின் வெஸ்ட் ஐலண்ட் ஆகியவற்றிலும் இத்தகைய கழகங்கள் இயங்கின. உறுப்பினராக இடம் கிடைப்பது அரிது. தொழிலதிபர்களும் அரசியல் தலைவர்களும் கோடைக்கு அங்கே போய்த் தங்கினர்.

இந்தக் கழகங்களின் தனிச் சிறப்பு அவற்றின் தூண்டில் மேடைகள். கரையிலிருந்து வெளிப்பாறை வரை இடையிலுள்ள கற்களில் துளையிட்டு இரும்புத் தண்டுகளை நிறுத்தி, மேலே பலகைகளைப் பரப்பினார்கள். ஒடுக்கமான அந்தப் பலகைப் பாலத்தின் கடைசியில், அலைக்கு மேலே ஓர் இருக்கை. குளிர்காலப் புயல்கள் பலகைகளை அடித்துக்கொண்டு போகும். மறு கோடையில் மீண்டும் போடுவார்கள். எந்த மேடை யாருக்கு என்பது முதல் நாள் மாலை சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். விடியுமுன் உறுப்பினர் தம் மேடைக்குப் போய்ச் சேருவார்.

அவருடன் ஓர் உதவியாளும் போவார். எண்ணெய் மிகுந்த மென்ஹேடன் மீனையும் சிங்கி இறாலையும் நறுக்கி நீரில் தூவி, பாஸ் மீன்களைப் பாறையருகே வரவழைப்பது அவர் வேலை. தூண்டிலில் கோப்பது சிங்கி இறாலின் வால் சதை. நீளம் குறைந்த மூங்கில் கோல், முறுக்கிய ஆளிநார் நூல். இந்த நூல் பின்னாளில் கட்டிஹங்க் தீவின் பெயராலேயே நாடெங்கும் விற்பனையானது. அன்றைய ரீலில் நூலின் ஓட்டத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லை. மீன் நூலை இழுத்து ஓடும்போது கட்டை விரலால் உருளையை அழுத்தியே அதை நிறுத்த வேண்டும்; விரல் வெந்து போகாமலிருக்கத் தோலுறை மாட்டிக்கொண்டார்கள். இந்த முறையை ஜீனியோ ஸ்காட் 1869-ல் வெளியிட்ட அமெரிக்க நீர்நிலைகளின் மீன்பிடி பற்றிய நூலில் படங்களுடன் பதிவு செய்தார்.

நூற்றாண்டின் இறுதியில் மீன் வரத்து வற்றியது. ஆற்றுவாய்களில் கட்டிய வலைகள், அணைகள், ஆலைக் கழிவு ஆகிய எல்லாவற்றின் விளைவும் ஒன்றாகத் தெரிந்த காலம் அது. கழகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கட்டிஹங்க் அடங்கிய தீவுக் கூட்டத்தில் சார்லஸ் சர்ச் 1913-ல் பிடித்த 73 பவுண்டு, அதாவது 33 கிலோ எடையுள்ள மீன் உலகச் சாதனையாக ஏறத்தாழ 70 ஆண்டுகள் நின்றது. அதைப் பிடித்தவர் படகிலிருந்து பிடித்தார். அதற்குள் மேடைகளின் காலம் முடிந்திருந்தது. கட்டிஹங்க் கழகத்தின் கட்டடம் பின்னாளில் தங்கும் விடுதியானது.

கரையில் நின்றவர்கள்

1934-ல் செசபீக் விரிகுடாவில் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்திரளான குஞ்சுகள் பிழைத்தன. இரண்டே ஆண்டுகளில் அவை வளர்ந்து வடக்கே பரவ, வெறிச்சோடிக் கிடந்த கரைகளில் மீண்டும் மீன் தென்பட்டது. இந்த ஒரு பிறப்பாண்டின் பெருக்கத்தை டேனியல் மெரிமன் என்ற உயிரியலாளர் 1941-ல் வெளியான ஆய்வில் விவரித்தார். ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனின் நல்ல காலமும் கெட்ட காலமும் ஆண்டுதோறும் எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்பதைப் பொறுத்தவை என்ற புரிதலுக்கு அந்த ஆய்வு அடித்தளமிட்டது.

அந்த மீன்களோடு புதிய வகை மீன்பிடிப்பாளரும் வந்தார். கழக உறுப்பினரைப் போல மேடையோ உதவியாளோ அவருக்கு இல்லை. தச்சராக, குழாய்ப் பணியாளராக, ஆலைத் தொழிலாளியாகப் பகலில் உழைத்துவிட்டு இரவில் கரைக்கு வருபவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜீப் மலிவாகக் கிடைத்தது. மணலில் வெகு தூரம் போக முடிந்தது. மூங்கில் கோலின் இடத்தைக் கண்ணாடியிழைக் கோல் பிடித்தது. ஆளிநார் நூலின் இடத்தை நைலான் நரம்பு பிடித்தது. பிலடெல்பியாவின் பென் நிறுவனம் கடலுக்கென்று செய்த ரீல்கள் சாதாரணக் கூலிக்காரர் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. இரையும் மாறியது. மரத்தைக் கடைந்து சிறுமீன் வடிவில் செய்து கொக்கி மாட்டிய பொய்யிரைகளைப் பாப் பாண்ட், ஸ்டான் கிப்ஸ் போன்றவர்கள் நியூ இங்கிலாந்தில் தயாரித்து விற்றனர். செத்த விலாங்கைக் கொக்கிகளில் கோத்து வீசுவதும் பெரிய மீனுக்கு நம்பிக்கையான வழியாக இருந்தது. பலர் பிடித்த மீனை விற்று வண்டிக்கும் சாதனத்துக்கும் ஆகும் செலவை ஈடுகட்டினர்.

மொன்டாக்கின் பெயர் இந்தக் காலத்தில்தான் பரவியது. 1895-லேயே ரயில் வந்துவிட்டது. எனினும் ஊர் ஒதுக்குப்புறமாகவே இருந்தது. போர்க்காலத்தில் 1942-ல் ராணுவம் முனையில் உள்ள கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே கேம்ப் ஹீரோ என்ற பீரங்கித் தளத்தை அமைத்தது. பகை விமானங்களின் கண்ணுக்கு மீனவர் கிராமம் போலத் தெரியும்படி அதன் கட்டடங்களுக்கு வேடமிட்டது. அந்தத் தளம் 2002-ல் மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கலங்கரை விளக்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளைவுக்கும் திட்டுக்கும் மீன்பிடிப்பாளர்களிடையே பெயர் உண்டு: தெற்கில் டர்ட்டில் கோவ், காஸ்வெல்ஸ், வடக்கில் நார்த் பார், ஜோன்ஸ் ரீஃப், ஃபால்ஸ் பார். எந்தக் காற்றுக்கு, எந்த ஓதத்துக்கு எந்த இடம் என்பதை அறிவதே அங்கே படிப்பு.

கரையில் நின்றவர்களுக்கு ஒரு தடை மட்டும் நீங்கவில்லை. பாதத்திலிருந்து மார்பு வரை மூடும் நீர்புகாக் காலுடை அணிந்து அவர்கள் கடலில் இறங்கினார்கள். அது உடலை உலர்வாக வைத்தது; மார்புக்கு மேல் நீர் ஏறினால் உள்ளே தண்ணீர் புகுந்து ஆளைத் தளைத்தது. நீர் புகாதபடி இடுப்பில் இறுக்கிய பட்டை ஓரளவுக்குத்தான் காத்தது. நடந்து சேரக்கூடிய பாறைகளோடு அவர்களின் உலகம் முடிந்தது. அதற்கு அப்பால், ஆழமான நீருக்கு நடுவே நின்ற பாறைகள் எட்டாதவையாகவே இருந்தன. பெரிய மீன்கள் அங்கேதான் உலவின.

ரப்பர் உடை வந்த வழி

அந்தத் தடையை நீக்கிய உடையின் மூலப்பொருள் பிறந்தது டெலவேர் மாநிலத்தில் உள்ள டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில். வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1930-ல் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தது. ஐந்து ஆண்டுகளில் அதே குழு நைலானையும் உருவாக்கியது. பாறையில் நிற்பவரின் உடையும், அக்காலத்தில் அவர் வீசிய நரம்பும் ஒரே ஆய்வகத்தின் பிள்ளைகள்.

அந்த ரப்பரை உடையாக்கும் எண்ணம் கலிஃபோர்னியாவில் தோன்றியது. முதல் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், 1951-ல் கடற்படையின் முக்குளிப்போரைக் குளிரிலிருந்து காக்க வழி தேடினார். அதுவரை எல்லோரும் உடலை நனையாமல் வைக்கவே முயன்றார்கள். உடல் நனையலாம், உடையில் போதிய காப்பு இருந்தால் போதும் என்று பிராட்னர் கண்டார். நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் நுரையே அந்தக் காப்பு. உடைக்கும் தோலுக்கும் இடையே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நின்றுவிடுகிறது. வெளிக்குளிரைக் குமிழிகள் தடுக்கின்றன. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைப் பறிப்பதை நினைத்தால் இந்தக் காப்பின் மதிப்பு விளங்கும். தம் கண்டுபிடிப்பால் பிராட்னர் செல்வம் சேர்க்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜாக் ஓநீல், தென் கலிஃபோர்னியாவில் மைஸ்ட்ரெல் சகோதரர்கள் ஆகியோர் 1950-களில் அலைச்சறுக்கு ஆடுவோருக்கும் முக்குளிப்போருக்கும் வெட்சூட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

அலைத்தூண்டில்காரர்களிடம் இந்த உடை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. அவர்களுக்கு இதில் கதகதப்பைவிடப் பெரிய பயன் ஒன்று இருந்தது. குமிழிகள் நிறைந்த ரப்பர் மிதக்கும். அலை அடித்துப் பாறையிலிருந்து தள்ளினாலும் பழைய காலுடையைப் போல ஆளைக் கீழே இழுக்காமல், இந்த உடை மேலே தாங்கும். விழுவது பேராபத்தாக இருந்த நிலை மாறி, விழுந்தவர் மீண்டும் நீந்தி ஏறிக்கொள்ளும் நிலை வந்தது. அந்த மாற்றம்தான் வெளிப்பாறைகளைத் திறந்துவிட்டது. செல்வர்கள் இரும்பும் பலகையும் கொண்டு எட்டிய இடத்தைச் சாதாரண உழைப்பாளி தன் கைகால்களால் எட்டினார்.

பாறைக்குப் போகும் முறை

வேலை பகலிலேயே தொடங்குகிறது. நீர் வற்றிய நேரத்தில் மேட்டின் மேல் நின்று பாறைகளின் இருப்பையும், இடையிலுள்ள பள்ளங்களையும், ஏறுவதற்கு வாகான பக்கத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மொன்டாக்கில் ஓதம் உயர்வதும் தாழ்வதும் சராசரியாக இரண்டு அடிக்குச் சற்றே கூடுதல்தான். ஆனால் முனையைச் சுற்றிப் பாயும் நீரோட்டம் வலுவானது. ஓதம் திரும்பும்போது அதன் திசையும் மாறும். போகும்போது துணையாக இருந்த ஓட்டம் திரும்பும்போது எதிர்த்து நிற்கக்கூடும். அலை உயரமும் காற்றும் ஏறினால் நேற்று நின்ற பாறையில் இன்று நிற்க முடியாது.

உடை பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. கோடை இறுதியில் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நீர் நவம்பரில் 10-12 டிகிரிக்கு இறங்கும். அதற்கேற்பத் தடிமன் கூடும். காலணியின் அடியில் கடினமான கார்பைடு ஆணிகள் பதித்திருக்கும். பாறையின் மேற்பரப்பு முழுவதும் வழுக்கும் கடற்பாசி, மட்டி, கொட்டலசு. ஆணி கடிக்காவிட்டால் நிற்க இயலாது. இடுப்பில் அகன்ற பட்டை, அதில் குறடும் கத்தியும் பொய்யிரைப் பையும் தொங்கும். அலை பறித்துக்கொண்டு போகாமல் எல்லாம் கயிற்றால் கட்டியிருக்கும். கழுத்தில் சிறு விளக்கு. கோல் 9 முதல் 11 அடி வரை நீளமானது.

பொய்யிரையைக் கோலின் வளையத்தில் மாட்டி, ஒரு கையில் கோலைப் பிடித்து, அலைத்தொடரின் இடைவெளியில் நீரில் இறங்கி, மறு கையாலும் கால்களாலும் நீந்துகிறார்கள். பாறையை அடைந்ததும் அவசரப்படுவதில்லை. அலையே ஆளை உயர்த்தும். உயர்த்தும் கணத்தில் பாறையைப் பற்றி ஏற வேண்டும். பல பாறைகள் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருப்பவை; அவற்றின் மேல் முழங்காலளவிலோ இடுப்பளவிலோ நீரில்தான் நிற்க முடியும். பெரிய அலை வரும்போது குனிந்து எதிர்கொள்வார்கள். தாங்காது என்று தெரிந்தால் எதிர்க்காமல் அலையோடு போய்த் திரும்ப நீந்துவார்கள்.

மீன் சிக்கினால் அதைப் பாறைக்கே கொண்டுவர வேண்டும்; கரைக்கு இழுக்க வழியில்லை. இடையில் மற்றப் பாறைகளில் நரம்பு உரசி அறுந்துவிடக்கூடும். களைத்த மீனை அலை தூக்கிக் கொடுக்கும் நேரத்தில் கீழ்த்தாடையைப் பிடித்து, நீரிலேயே கொக்கியைக் கழற்றி விடுகிறார்கள். இருளில், ஆடும் நீரில், மும்முனைக் கொக்கிகள் தொங்கும் வாயருகே கையைக் கொண்டுபோவது இந்தத் தொழிலில் மிகவும் எச்சரிக்கை தேவைப்படும் வேலை.

ரீல்களும் இதற்கேற்ப மாறின. கடல்நீரும் மணலும் உள்ளே புகுந்து பழைய ரீல்கள் சீக்கிரம் பழுதாகின. அவற்றில் கிரீஸை அடைத்து, அடிக்கடி பிரித்துத் துடைத்துச் சமாளித்தார்கள். 1990-களில் நீர் புகாதபடி அடைப்பு வளையங்களால் மூடிய வான் ஸ்டால் ரீல்கள் வந்தபின், முழுதும் நீரில் மூழ்கியும் இயங்கும் சாதனம் கிடைத்தது. அதே பத்தாண்டில் பரவிய, நைலானைவிட மெலிந்தும் வலுத்தும் இருக்கும் பின்னல் நரம்பு வீச்சின் தூரத்தைக் கூட்டியது.

பாறைகளுக்கென்று எழுதாத சட்டங்களும் உண்டு. முதலில் சேர்ந்தவருக்கே பாறை. அடுத்தவர் வீசும் எல்லைக்குள் வீசக் கூடாது. நீரின் மேல் விளக்கடிக்கக் கூடாது. தனியாகப் போவதைத் தவிர்க்க வேண்டும். எங்கே மீன் கிடைத்தது என்று ஊரறியச் சொல்லக் கூடாது.

பாறையையும் விட்டவர்கள்

1990-களில் மொன்டாக்கைச் சேர்ந்த பால் மெல்னிக் பாறையே தேவையில்லை என்று காட்டினார். வெட்சூட்டோடு துடுப்புக் காலணியும் அணிந்து, கரையிலிருந்து வெகு தூரம் நீந்திச் சென்று, கடலில் மிதந்தபடியே அவர் தூண்டில் போட்டார். பெரிய மீன் சிக்கினால் அது ஆளையே நீரில் இழுத்துச் செல்லும். ஸ்கிஷிங் என்று பெயர் பெற்ற இந்த முறையை டேவிட் டிபெனடெட்டோ 2003-ல் வெளியிட்ட பயண நூல் வெளியுலகுக்கு அறிமுகம் செய்தது. ஓட்டமும் படகுகளும் சுறாக்களும் உள்ள இருண்ட நீரில் மிதப்பது துணிவு மிக்க சிலரோடு நின்றது. பாறையில் நிற்கும் வழக்கமே பரவலாக நிலைத்தது.

மீன் அருகிய ஆண்டுகள்

பாறைகள் திறந்த அதே காலத்தில் மீன் மீண்டும் மறையத் தொடங்கியது. விற்பனைக்குப் பிடிக்கப்பட்ட ஸ்ட்ரைப்ட் பாஸ் 1973-ல் ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு. 1983-ல் அது சுமார் 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. அளவுமீறிய பிடிப்பு முதற்காரணம். செசபீக்கின் முட்டையிடும் ஆறுகள் மாசுபட்டதும் சேர்ந்துகொண்டது. ஹட்சன் ஆற்றில் ஆலைகள் கொட்டிய பிசிபி நச்சு மீனின் உடலில் சேர்ந்ததால், அந்த ஆற்றில் விற்பனைக்காக இந்த மீனைப் பிடிப்பதை நியூயார்க் மாநிலம் 1976-ல் தடை செய்தது.

விந்தை என்னவென்றால், மிகப் பெரிய மீன்கள் பிடிபட்டதும் இந்தச் சரிவுக் காலத்தில்தான். 1981-ல் மொன்டாக்குக்கு அப்பால் படகிலிருந்து 76 பவுண்டு மீன் பிடிபட்டு, சார்லஸ் சர்ச்சின் 1913 சாதனை முறிந்தது. 1982 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் ஆல் மெக்ரெனால்ட்ஸ் கல் தடுப்பின் மேல் நின்று 78 பவுண்டு 8 அவுன்ஸ் எடையுள்ள மீனைப் பிடித்தார். நல்ல ஆண்டுகளில் பிறந்த மூத்த மீன்கள் அவை. அவற்றுக்குப் பின் வர வேண்டிய இளையவை இல்லை என்பதை அந்தச் சாதனைகள் மறைத்தன.

அமெரிக்க நாடாளுமன்றம் 1984-ல் அட்லாண்டிக் ஸ்ட்ரைப்ட் பாஸ் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கரையோர மாநிலங்கள் கூட்டாக வகுக்கும் திட்டத்துக்கு உட்படாத மாநிலத்தில் இந்த மீனைப் பிடிப்பதையே நிறுத்திவைக்க அது வழி செய்தது. மேரிலாண்ட் 1985 முதல் 1990 வரை முழுத் தடை விதித்தது. 1982-ல் பிறந்த மீன்கள் வளர்ந்து முட்டையிடும் வரை அவற்றைக் காப்பதே திட்டத்தின் மையம். பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவு ஆண்டுதோறும் உயர்த்தப்பட்டது. தொழில்முறை மீனவரும் பொழுதுபோக்காளரும் பெரும் இழப்பைத் தாங்கினர். 1995-ல் இனம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மொன்டாக் பாறைகளில் வெட்சூட் வழக்கம் செழித்தது அந்த மீட்சியின் பயனை அனுபவித்த ஆண்டுகளில்தான்.

அந்தச் செழிப்பும் நிலைக்கவில்லை. இந்த இனம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதென 2019-ல் வெளியான மதிப்பீடு கூறியது. 2020 முதல் கடலில் 28 அங்குலத்துக்கும் 35 அங்குலத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனை மட்டுமே ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. 2023-ல் மேல் எல்லை 31 அங்குலமாகச் சுருக்கப்பட்டது. முட்டையிடும் பெரிய பெண் மீன்களை விட்டுவிடச் செய்வதே இதன் நோக்கம். 2019-க்குப் பிறகு மேரிலாண்டின் ஆறுகளில் தொடர்ந்து பல ஆண்டுகள் குஞ்சுகள் குறைவாகவே பிழைத்தன.

இன்று பாறையில் நிற்பவர் பிடிக்கும் பெரிய மீன் எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. திரும்ப விடப்பட வேண்டியது. விடப்படும் மீன்களிலும் நூற்றுக்கு 9 இறந்துவிடும் என்ற கணக்கிலேயே நிர்வாகிகள் திட்டமிடுகிறார்கள். மீனை நீரிலிருந்து முழுதும் தூக்காமல், விரைந்து கொக்கியைக் கழற்றி, அது நிலைபெறும் வரை பிடித்திருந்து விடுவதால் இந்த இழப்பைக் குறைக்க முடியும். நீருக்குள் நிற்கும் வெட்சூட்காரர் இதைப் பிறரைவிட நன்றாகச் செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறார்.

கரையும் நகர்கிறது

மீனைப் போலவே கரையும் நிலையானதன்று. மொன்டாக் கலங்கரை விளக்கம் 1796-ல் கட்டி முடிக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் முதல் கலங்கரை விளக்கம் அது. அப்போது அதற்கும் மேட்டின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 300 அடி நிலம் இருந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 1970 முதல் ஜார்ஜினா ரீட் என்ற பெண்மணி நாணலும் மரக்கட்டையும் கொண்டு சரிவைப் படிகளாக அமைத்து மண்ணைப் பிடித்து நிறுத்தினார். துணி வடிவமைப்பாளரான அவர் ஆண்டுக் கணக்கில் இதற்குத் தம் உழைப்பைக் கொடுத்தார். பின்னர் அடிவாரத்தில் பெருங்கற்களால் அணை போடப்பட்டது. அதை மேலும் வலுப்படுத்தும் பணி 2023-ல் நிறைவுற்றது. கலங்கரை விளக்கம் காக்கப்பட்டது. அணை இல்லாத இடங்களில் மேடு இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது. கடல் புதிய பாறைகளை வெளிக்கொணர்ந்துகொண்டிருக்கிறது.

பலகைப் பாலம் கட்டிய கழகங்களிடம் பணத்துக்குக் குறைவில்லை. மீன் இல்லாததால் அவை மூடின. வெட்சூட் எந்தப் பாறையையும் எட்டச் செய்துவிட்டது. ஆனால் பாறையருகே மீன் இருக்குமா என்பதை முடிவு செய்வது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே உள்ள ஆறுகளும், பிடித்ததை விட்டுவிடும் கைகளுமே. 1980-களில் பிடிப்பை நிறுத்திக் காத்திருந்த ஒரு தலைமுறையின் பொறுமையால்தான் இந்த வழக்கம் இதுவரை உயிரோடு இருக்கிறது. அதே பொறுமையை இன்றைய தலைமுறையும் காட்டினால் மட்டுமே அது தொடரும்.